ஓலிந்தாவும் கடல்நாயும் மல்லுக்கு நின்ற காலை

ஓலிந்தா ரெசெண்டஸுக்குக் கடல்நாய் என்றாலே ஆகாது. அமெரிக்காவில் கேப் காட் என்கிற தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் தூண்டில் போடுகிற பெரும்பாலோருக்கு அது ஆகாதுதான். ஆனால் மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுப்பார்கள். ஓலிந்தா உறவுமுறை சொல்லித் திட்டுவாள். அலைக்கு அப்பால் மொட்டைத் தலை ஒன்று பளபளவென்று எழும்பினால் போதும்.

"வந்துட்டான் பாரு என் மாஜிப் புருஷன்! அடுத்தவ சம்பாத்தியத்துல திங்கறதுக்குன்னே பொறந்தவன்!"

கொஞ்சம் தள்ளி இன்னொரு தலை எழும்பினால் அது மாஜி மாமியார். கழுத்து மடிப்பு மடிப்பாக இருக்கிற கிழட்டுக் கடா, மாஜிக் கொழுந்தன் ஜில். விவாகரத்து ஆகி இருபது வருஷமாகியும் அந்தக் குடும்பம் மொத்தத்தையும் விடியற்காலையில் கடலில் வைத்துத் திட்ட முடிகிறதே என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பேருந்து நிறைய பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தாலும், கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து அடிவயிற்றிலிருந்து ஒரு சொல் சொன்னால் எஞ்சின்கூட அடங்கிப்போகும். அந்தத் தொண்டைதான் கடற்கரையிலும் முழங்கும்.

அவளுக்குப் பக்கத்தில் நின்று தூண்டில் போடுகிறவர் லெமுவல் பேங்ஸ். வீடுகளுக்குக் குளிர்கால அடுப்பு பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லி, உயரம், எப்போதும் ஒரு கம்பளிக் குல்லாய். பிடிக்கிற மீனையெல்லாம் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொக்கியை எடுத்து, நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார். கடல்நாயைக் கண்டால் சீட்டி அடிப்பார்.

"கடல் அவங்க வீடு ஓலிந்தா. நீயும் நானும் விருந்தாளி."

"விருந்தாளி தட்டுலேந்து புடுங்கித் திங்கற வீட்டுக்காரன எங்கய்யா பாத்த நீ?"

"மீன் கொறஞ்சு போனதுக்கு அதுங்க என்ன பண்ணும்? நம்ம ஆளுங்க தூக்கிட்டுப் போனதுக்குக் கணக்கே கெடையாது."

"யோவ் லெம், உன் உபதேசத்த அதோ அந்த ஜில்லுகிட்டப் போய்ச் சொல்லு. போன வாரம் என் மீன் தலைய மட்டும் விட்டு வச்சான். மரியாதையா!"

இப்படியே வருஷக்கணக்காகச் சண்டை. சண்டை முடிந்ததும் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த லிங்குயீசா என்கிற காரமான பன்றித் தொத்திறைச்சி வைத்த ரொட்டியை இருவரும் ஜீப்பின் பின்கதவில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். காரத்துக்கு லெமுக்கு மூக்கு ஒழுகும். ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மூன்றாவது கட்சி ஒன்றும் இருந்தது. அதன் தலைவர், தூண்டில் சங்கத்துக்கும் தலைவரான கார்ல்டன் ஹேட்ச். அவருடைய தாத்தா காலத்தில் கடல்நாயைச் சுட்டு மூக்கை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் சர்க்காரே சன்மானம் தந்தது. இப்போதோ கிட்டே போனாலே குற்றம். அந்தப் பழைய நாள் திரும்ப வர வேண்டும் என்பது ஹேட்சின் தீராத ஆசை. மனு எழுதுவார், கையெழுத்து வாங்குவார், ஆனால் கூட்டம் போட்டால் ஆள் வராது.

இப்படி இருக்கும்போதுதான் ஜூன் மாதத்தில் அந்த விடியற்காலை வந்தது.

தெற்கேயிருந்து ஸ்ட்ரைப்பர் ஏறி வருகிற பருவம். உடம்பு நெடுகக் கறுப்புக் கோடு ஓடும் அந்த மீனுக்காகத்தான் இந்தக் கரையில் மனிதர்கள் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். மார்பு வரை ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு, முழங்கால் அலையில் நின்று, ஓலிந்தா பொய்மீனை வீசினாள். மூன்றாவது வீச்சிலோ நான்காவதிலோ கம்பு சடாரென்று வளைந்தது.

"லெம்! லெம்! இது மீன் இல்லய்யா, மாட்டு வண்டி!"

சுருளிலிருந்து தூண்டில் நரம்பு கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியது. அவள் விட்டுப் பிடித்தாள், இழுத்தாள், பின்னால் நடந்தாள். கை மரத்துப்போய், சிரிப்பும் மூச்சும் ஒன்றாக வாங்கி, கடைசியில் அலை மடிகிற இடத்தில் அகலமான ஒரு வால் தெரிந்தது. அவள் ஆயுசில் பிடித்திராத பெரிய மீன். அதற்குப் பின்னாலேயே மடிப்புக் கழுத்தோடு ஒரு தலையும் தெரிந்தது.

"ஜில்! டேய் ஜில்! வேணாம்டா!"

ஜில் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டது. மீனைக் குறுக்கே கவ்விக்கொண்டு திரும்பியது. வழக்கமாக இந்தக் கட்டத்தில் நரம்பை அறுத்துவிடுவதுதான் முறை. லெம் அதைத்தான் கத்தினார். "அறுத்து விடு! ஓலிந்தா, அறுத்து விட்ரு!"

"இருபது வருஷமா அறுத்து விட்டுட்டேதாய்யா இருக்கேன்!" என்று அவள் குதிகாலை மணலில் ஊன்றினாள்.

அவளைவிட நாலு மடங்கு எடையுள்ள மிருகம் அது. முதல் இழுப்பிலேயே அவள் இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விட்டாள். லெம் தம்முடைய கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து, முதுகில் குறுக்கே போகிற அவளுடைய தோள்வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜில் மீனை இழுக்க, மீன் ஓலிந்தாவை இழுக்க, ஓலிந்தா லெமை இழுக்க, நாலு பேருமாக ஒரு ஊர்வலம் கடலுக்குள் புறப்பட்டது.

சூரியோதயம் பார்க்கப் போர்வை விரித்து உட்கார்ந்திருந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று எழுந்து நின்றுவிட்டது. அப்பாக்காரர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார். அம்மாவும், கையில் பாட்டிலோடு நின்ற சித்தப்பாவும் கைதட்டினார்கள்.

"விடாதே! இழு! இழு!"

"யாரய்யா சொல்றீங்க, என்னையா?" என்று ஓலிந்தா கேட்டாள்.

"இல்ல, கடல்நாய!"

அந்தக் கோபத்தில் அவள் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தாள். அந்த நேரம் பார்த்துத் தோள்வார் படக்கென்று அறுந்தது. லெம் வாரோடு மல்லாந்து விழுந்தார். ரப்பர் கால்சட்டைக்குள் கடல் புகுந்தது. பெரிய அலை ஒன்று அவளையும் மீனையும் ஜில்லையும் ஒன்றாகச் சுருட்டி, முழங்கால் ஆழத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிற்று.

தலைமுடியை விலக்கிக்கொண்டு அவள் கண்ணைத் திறந்தபோது, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஜில்லின் மூஞ்சி. வாயில் மீன். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஈரமான, உருண்டையான, ஒன்றும் தெரியாத பிள்ளைபோன்ற கண்கள். ஓலிந்தாவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் வாயில் எதையோ அடைத்துக்கொண்டு கடைசி இருக்கையிலிருந்து இப்படிப் பார்க்கிற எத்தனையோ முகங்களைப் பார்த்தவள் அவள். அடிவயிற்றிலிருந்து தானாகக் கிளம்பியது:

"கீழ வை!"

ஜில் கீழே வைத்தது.

 பிறகு வெளியூர்க்காரர்கள் கட்சி மாறி ஆர்ப்பரித்தார்கள். ஓலிந்தா மீனை மார்போடு அணைத்துக்கொண்டு, கால்சட்டை நிறைய கடலோடு, குடம்போலத் தளும்பித் தளும்பிக் கரையேறினாள். மணலில் அதைக் கிடத்தி அதைச் சுற்றி ஆடினாள். லெமும் ஆடினார். கொள்கை கோட்பாடு எல்லாம் அப்புறம்.

"அளந்து பாரு லெம்! அளந்து பாரு!"

லெம் அளவுகோலைப் பக்கத்தில் வைத்தார். வைத்தவர் முகம் கோணியது. சிரிப்பை அடக்குகிறாரா, அழுகையை அடக்குகிறாரா என்று தெரியவில்லை.

"ஓலிந்தா… பெருசா இருக்கு."

"பெருசுன்னு எனக்குத் தெரியாதா?"

"இல்லம்மா. ரொம்பப் பெருசு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஸ்ட்ரைப்பர் குறைந்துபோனதால் சர்க்கார் போட்ட சட்டம்: குறைந்த அளவுக்கும் கூடிய அளவுக்கும் நடுவே ஒரு கையகலம்கூட இல்லாத இடைவெளிக்குள் நீளம் இருந்தால்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதற்கு மேலே போனால் முட்டைபோடுகிற தாய்மீன். திரும்ப விட்டுவிட வேண்டும். உயிரோடு இருந்தாலும் சரி, வயிற்றில் ஒரு வாய் காணாமல் செத்துக் கிடந்தாலும் சரி.

அவள் மீனைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். அங்கே ஜில் போகாமல் காத்திருந்தது.

"அந்தாளு சட்டம் படிச்சிருக்கான்யா!" என்று சொல்லி மணலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு எழுந்தாள். அதிகாரி யாரும் பார்க்கவில்லை என்று சொல்லி மீனை ஜீப்பில் போடுகிற ஆள் அவளில்லை. இரண்டு கையாலும் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, அலைக்கு மேலே வீசினாள். ஜில் பாதி வானத்திலேயே வாங்கிக்கொண்டது.

"தின்னு! தின்னுத் தொலை! உன் அண்ணனுக்கும் குடு!"

மறுநாள் மதியத்துக்குள் வெளியூர்க்காரர் போட்ட துண்டுப் படம் ஊரெங்கும் ஓடிவிட்டது. அதில் இழுபறியும் "கீழ வை"யும் மட்டும்தான் இருந்தன. டோனட் கடையில் அவளுக்கு எழுந்து நின்று வழிவிட்டார்கள். பேருந்தில் பிள்ளைகள் "கீழ வை! கீழ வை!" என்று வழி முழுக்கக் கத்தினார்கள். ஹேட்ச் பூங்கொத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உங்களாலதான் நம்ம இயக்கத்துக்கு உயிர் வந்திருக்கு. நூலகத்துல கூட்டம் போடறேன். மீன்வளத்துறை அதிகாரியக் கூப்பிட்டிருக்கேன். நீங்க மேடையில உக்காரணும்."

"ஹேட்ச், அந்தப் படத்தோட முடிவு என்னன்னா—"

"முடிவு நம்ம கையிலதான் இருக்கு!" என்று அவர் அவள் கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

கூட்டத்துக்கு என்றுமில்லாத கும்பல். மேடையில் ஓலிந்தா நீலச் சட்டை போட்டு, உதட்டுச்சாயம் பூசி உட்கார்ந்திருந்தாள். ஹேட்ச் நெடுநேரம் பேசினார். கடைசியில், "இந்த வீரப் பெண்மணியின் போராட்டத்த முழுசாப் பாருங்க. படம் எடுத்தவர்கிட்டயே கேட்டு வாங்கியிருக்கேன்" என்று திரையைக் காட்டினார். வாங்கியவர் கடைசி வரை பார்த்திருக்கவில்லை.

இழுபறியில் கூட்டம் கூச்சலிட்டது. "கீழ வை"யில் நாற்காலிகள் சாய்ந்தன. பிறகு திரையில் ஓலிந்தா மீனைத் தூக்கினாள், சுற்றினாள், வீசினாள். ஜில் வாய் திறந்தது. 

"சோறு ஊட்டறா!" என்று ஒருவர் எழுந்தார். "கடல்நாய்க்குச் சோறு ஊட்டறா! அது குற்றம்!"

"திரும்ப விடலன்னா அதுவும் குற்றந்தானே!" என்று இன்னொருவர். எல்லாரும் முதல் வரிசையிலிருந்த அதிகாரியைப் பார்த்தார்கள். அந்த மனிதர் எழுந்து, தொண்டையைச் செருமி, "ஒரு சட்டம் திருப்பிப் போடுங்கறது. இன்னொண்ணு ஊட்டாதங்கறது. அவங்க திருப்பிப் போட்டாங்க. அது போய் விழுந்த எடம் வாயா இருந்துச்சு. அதுக்கு நான் என்னங்க செய்ய?" என்று சொல்லிவிட்டு, தாமே சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. ஓலிந்தா எழுந்து நின்றாள். ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்படவில்லை.

"எனக்கு அந்தக் கடங்காரங்களப் புடிக்காது. இன்னைக்கும் புடிக்காது, நாளைக்கும் புடிக்காது. லெம் சொல்றாரேன்னு சீட்டியெல்லாம் அடிக்க மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் கல்யாணமான புதுசுல இந்தக் கரையில கடல்நாயே கெடையாது. எப்பவாவது ஒண்ணு வந்தா ஊரே போய்ப் பாக்கும். அப்ப ஸ்ட்ரைப்பர் கொட்டிக் கெடந்துச்சா? அதுவும் இல்ல! மீன் புடிக்கவே தடை போட்டாங்க. அப்ப யாருங்க தின்னது?"

"நாமதான்" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"அது வேற காலம்!" என்று ஹேட்ச் கத்தினார்.

"வேற காலந்தான். வாயி அதேதான்" என்றாள் ஓலிந்தா.

அப்புறம் ஆளுக்கு ஆள் பேசினார்கள். கைதூக்கச் சொன்னபோது பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம். இரண்டு தடவையும் கைதூக்கியவர்களும் இருந்தார்கள். மனு எந்தப் பக்கமும் போகவில்லை. ஹேட்ச் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. ஆனால் ஜூலையில் ஒருநாள் விடியற்காலை, தம்முடைய மீனைக் கவ்விய கடல்நாயைப் பார்த்து அவர் "கீழ வை! கீழ வை!" என்று அலறிக்கொண்டிருந்ததை லெம் மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார். அது அவரையே பார்த்துக்கொண்டு நிதானமாக மென்று தின்றதாம்.

அக்டோபரில் குளிர் இறங்கி, மீன்கள் தெற்கே திரும்புகிற சமயம். ஒரு காலை ஓலிந்தா வண்டியை மணலில் நிறுத்தியபோது கடல் கொதித்துக்கொண்டிருந்தது. பொடிமீன் கூட்டத்தைக் கரையோரமாக ஒதுக்கி ஸ்ட்ரைப்பர்கள் கீழிருந்து தாக்க, மேலே பறவைகள் விழுந்து விழுந்து எழ, நடுவில் கடல்நாய்த் தலைகள் பந்து பந்தாகக் குதிக்க, ஒரே ரகளை. லெம் ஒரு பக்கம், ஹேட்ச் மறுபக்கம், நடுவில் அவள். வீசின வீச்செல்லாம் மீன். ஹேட்ச் இழுத்ததை ஒரு கடல்நாய் பறித்தது. ஓலிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த நிமிஷம் அவளுடையதும் போயிற்று, ஹேட்ச் சிரித்தார். லெமின் குல்லாயை ஒரு கடற்காகம் தட்டிக்கொண்டு போனது. வழுக்கைத் தலையோடு நின்ற அவரைப் பார்த்து, "யோவ் லெம், தண்ணிக்குள்ள போயிடாத, உன்னையும் கடல்நாய்னு நெனச்சுத் திட்டிருவேன்!" என்றாள். அவருக்குச் சிரித்ததில் கம்பைப் பிடிக்க முடியவில்லை.

யாரும் யார் கட்சியென்று கேட்கவில்லை, கேட்க நேரமில்லை. அளவுக்குச் சரியான மீன் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் போட்டபோதுதான் வெளிச்சம் எவ்வளவு ஏறிவிட்டது என்று கண்டு, "ஐயோ, பிள்ளைங்க!" என்று ஓடினாள்.

முதல் நிறுத்தத்தில் கதவு திறந்ததும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவள் முடியில் செதில் மின்னியது. "என்ன நாத்தம் இது, மிஸ் ஓலிந்தா!" என்றாள் ஒருத்தி.

"நாத்தமா? அது வாசனைடி. ஏறு, ஏறு, உக்காரு!" என்று கதவை மூடி, ஹாரனை வேண்டுமென்றே இரண்டு தடவை அடித்து, பள்ளிக்கூடம் வரை பாடிக்கொண்டே வண்டியை ஓட்டினாள்.