கூடு கரையும் வரை

மகளின் மருந்து டப்பாவைத் திறந்ததும் அந்த ஜெலட்டின் வாடை, சின்ன வயதில் நான் மருந்துக்குப் போன, திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம் இருந்த டிஸ்பென்சரிக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. ரயில் போகும்போதெல்லாம் தட்டிலிருக்கும் சிவப்பு மஞ்சள் கேப்ஸ்யூல் கூடுகள் நடுங்க, கம்பவுண்டர் மரகதம் அக்கா ஒவ்வொன்றாகப் பொடி அடைத்து மூடிக்கொண்டிருப்பார். இப்போது அங்கே செல்போன் கடை.

“முழுங்கிட்டியா?” என்பார். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தலையாட்டுவேன். அவர் திட்டமாட்டார். “இன்னைக்கி ஸ்கூல்ல என்னா நடந்துச்சி?” என்று சாவகாசமாகப் பேச்சுக் கொடுப்பார். கூடு கரைந்து, நாக்கெல்லாம் கசந்து நான் முகத்தைச் சுளிக்கும்போது, தண்ணீர் டம்ளர் தயாராக அவர் கையில் இருக்கும்.

சிதம்பரத்தில், என் வீட்டில், இப்போது “முழுங்கிட்டியா?” என்று நான் கேட்டதற்கு, என் மகள் வாயை இறுக மூடி ஆமாம் என்று தலையாட்டுகிறாள். டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறேன்.

“அப்புறம், ஸ்கூல்ல என்னா நடந்துச்சி?”