வாட்டமாகப் போட்ட கல்

பாம்பனில் எங்கள் கொல்லையில் கருவாடு காயவைத்தால் மணல் ஒட்டிக்கொள்ளும். அதனால் நானும் கணவருமே பேவர் பிளாக் பதித்தோம். "வாட்டமாப் போடுங்க" என்றார், கல் விற்ற அண்ணன். உட்கார்ந்து மீன் கீறுவதற்கு வாட்டமாக, துளி ஏற்றஇறக்கம் இல்லாமல் போட்டோம்.

முதல் மழையிலேயே தண்ணீர் சமையலறைக்குள் வந்துவிட்டது. கிரைண்டர் செருகியிருந்த சுவிட்ச் பெட்டி தரையில் கிடந்தது. அந்தத் தண்ணீரில் கால் வைக்கப்போன என்னைக் கணவர் பின்னால் இழுத்துவிட்டு, ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

மறுநாள் கல் விற்றவரிடம் சண்டைக்கு நின்றேன்.

"வாட்டம்னா சரிவும்மா. தண்ணி வெளிய ஓட வேணாமா?" என்றார்.

நான் சிரிப்பதற்குள் என் கணவர் சிரித்துவிட்டார்.

எல்லாவற்றையும் பெயர்த்து, வேலிப்பக்கம் சரித்துப் பதித்தோம். கருவாடு இப்போது மணலில்லாமல் காய்கிறது. சுவிட்ச் பெட்டி சுவரில் ஏறிவிட்டது. யார் எதை வாட்டமாகச் செய்யச் சொன்னாலும், "எந்த வாட்டம்?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன்.