அடிக்குறிப்புகளை எண்ணிய நாட்கள்

என் மனைவி கிரேஸ் பேச்சை இழந்த நாற்பத்தொன்றாம் நாள் நான் ஜெபிப்பதை நிறுத்தினேன். சபையார் முன் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சாட்சி எழுத உட்கார்ந்தபின் மறைக்கக் கூடாது.

சென்ற ஆகஸ்ட், முதல் செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பது. சூரமங்கலத்தில் எங்கள் சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் அணைக்கவில்லை. போய்ப் பார்த்தேன். சுவரைப் பிடித்தபடி நின்றாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மூளையில் இரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. உயிர் தங்கியது. வலது கையும் பேச்சும் போயின. "தா... தா..." என்ற ஒரே சத்தம்தான் மிச்சம். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான்.

அவள் மோகனூர்க்காரி. நாற்பத்தாறு வருடம் என்னை "ஏனுங்க" என்றுதான் கூப்பிட்டாள். "ஏனுங்க, காப்பி ஆறுதுங்க." "ஏனுங்க, எண்ணுனது போதும், குளிக்கப் போங்க." ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இருக்கும். பாதிக்கு நான் பதில் சொன்னதில்லை. இப்போது ஆண்டவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: ஒரே ஒரு தடவை அவள் "ஏனுங்க" என்று சொல்ல வேண்டும். காலை மூன்று, மதியம் மூன்று, மாலை மூன்று. நாற்பது நாளில் முந்நூற்று அறுபது ஜெபம். பதில் இல்லை.

ரயில்வேயில் முப்பத்துநான்கு வருடம் சரக்கு ரயில் பெட்டிகளின் எண்களைக் குறித்துக்கொள்வதுதான் என் வேலை. ஒரு பெட்டி விட்டுப்போனாலும் திரும்ப முதலிலிருந்து நடக்க வேண்டும். வேதத்தையும் அப்படியே அட்டவணை போட்டுப் படித்தவன். ஆயிரத்து நூற்று எண்பத்தொன்பது அதிகாரங்களைப் பத்தொன்பது தடவை முடித்திருக்கிறேன். அதனால் ஜெபம் கேட்கப்படவில்லை என்றதும், எங்கோ ஒன்றை விட்டுவிட்டேன், புரியாமல் படித்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். நல்ல விளக்கவுரை வேதாகமம் ஒன்று இருந்தால் பிழை எங்கே என்று பிடித்துவிடலாம்.

நாற்பத்தேழாம் நாள் நாமக்கல்லிலிருந்து மகள் ஷீலா வந்து அம்மாவோடு இருந்தாள். நான் பஸ் ஏறி அஸ்தம்பட்டியில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போனேன். மூன்று விளக்கவுரை வேதாகமங்களை மேசைமேல் வரிசையாக வைத்து, மூன்றிலும் யோபு புத்தகத்தைத் திறந்து, பக்கத்துக்கு எத்தனை அடிக்குறிப்பு என்று எண்ணினேன். வரைபடங்களை எண்ணினேன். கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஐயா, பைபிள் வாங்கறீங்களா, இல்ல லாரிக்கு எஃப்.சி. பாக்கறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பக்கத்தில் இருபத்தாறு குறிப்புகள் இருந்ததை எடுத்தேன். எளிய, புதிய தமிழ் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு எது என்பதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

வீட்டில் ஷீலா அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். "ஏனுங்கப்பா, அம்மாளுக்கு இனிமே அடிக்குறிப்பத்தான் கரைச்சு ஊட்டப் போறீங்களா?" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

இருபத்தொரு நாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். வசனம், பிறகு குறிப்பு. பாடு என்பது சோதனை என்றது ஒரு குறிப்பு. தேவன் நம்மைத் திருத்தத் தரும் சிட்சை என்றது அடுத்தது. காரணம் நமக்குத் தெரியாது என்றது இன்னொன்று. அதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. கிரேஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அவளுக்குப் பிடித்த இருபத்துமூன்றாம் சங்கீதத்தை, மேய்ப்பனின் சங்கீதத்தை, அதிலிருந்து இரண்டு தடவை படித்தேன். அசையவில்லை. இவளுக்குக் காதும் போய்விட்டது என்று முடிவு கட்டினேன்.

அறுபத்தெட்டாம் நாள் காலை என் மூக்குக்கண்ணாடிமேல் நானே உட்கார்ந்துவிட்டேன். காம்பு ஒடிந்து, கண்ணாடியும் விரிசல். விளக்கவுரையின் பொடி எழுத்து ஒன்றும் தெரியவில்லை. பீரோவில் கிரேஸின் பெரிய எழுத்து வேதாகமம் இருந்தது. பழைய மொழிபெயர்ப்பு. அடிக்குறிப்பு கிடையாது, வரைபடம் கிடையாது, முதுகு கிழிந்து ஒட்டியது. வேறு வழியில்லாமல், எரிச்சலோடுதான் அதை எடுத்தேன். சங்கீதத்தின் முதல் வசனத்தில் பாதி படித்துவிட்டு, இருமலுக்காக நிறுத்தினேன்.

மீதிப் பாதியை அவள் சொன்னாள்.

குளறல்தான். ஆனால் சொற்கள். நான் இரண்டாம் வசனத்தைத் தொடங்கினேன். அதையும் முடித்தாள். ஆறு வசனமும் வந்தது. மோகனூரில் ஞாயிறு பள்ளியில் ஏழு வயதில் மனப்பாடம் செய்த அதே சொற்கள், அதே வரிசை. புதிய மொழிபெயர்ப்பில் அந்தச் சொற்கள் இல்லை. அதனால்தான் அது அவளுக்குள் எதையும் தொடவில்லை. அவள் காது சரியாகத்தான் இருந்தது.

"கிரேஸ், என்னைக் கூப்பிடு" என்றேன். "தா... தா..." என்றாள்.

பேச்சு போனாலும் சிறுவயதில் மனப்பாடம் செய்தது சிலருக்குத் தங்கும் என்று மருத்துவர் விளக்கினார். இருக்கட்டும். தங்குகிற இடத்தில் அதை வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலை இருபத்தேழு நாளுக்குப் பிறகு முழங்காலில் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. நின்றேன், அவ்வளவுதான்.

பிறகு எண்பத்துமூன்று நாள் தினமும் காலையில் அந்தச் சங்கீதத்தை இருவரும் சேர்ந்து சொன்னோம். டிசம்பரில் அவள் குரல் தேய்ந்தது. முதல் மூன்று வசனங்களை என்னிடம் விட்டுவிட்டாள். நான்காவது, அந்த இருண்ட பள்ளத்தாக்கின் வசனம் வரும்போது மட்டும் உதடு அசையும். ஜனவரி முதல் வாரத்தில் இரண்டாவது அடைப்பு வந்தது. அன்று காலையிலும் நான்காம் வசனம்தான் அவள் கடைசியாகச் சொன்னது. "ஏனுங்க" என்று அவள் கூப்பிடவே இல்லை.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து அதே கடைக்குப் போனேன். பழைய மொழிபெயர்ப்பில் உள்ள விளக்கவுரை வேதாகமம் வேண்டும் என்றேன். கடைக்காரர் ஒன்றை எடுத்துத் தந்து, "இதுல வரைபடம் நாலுதானுங்க ஐயா இருக்குது. எண்ணிட்டு வேண்டாம்னு சொல்லிடாதீங்க" என்றார். போதும் என்றேன்.

அங்கேயே நின்று அந்தச் சங்கீதத்தைத் திறந்தேன். முதலில் வசனங்களை வாய்விட்டுப் படித்தேன். பிறகுதான் குறிப்பைப் பார்த்தேன். நான்காம் வசனத்துக்கு ஒரே ஒரு குறிப்பு. அதுவரை தன் மேய்ப்பனைப் பற்றிப் பிறருக்குச் சொல்லிக்கொண்டு வந்தவன், பள்ளத்தாக்கில் இறங்கியதும் மேய்ப்பனிடமே நேராகப் பேசத் தொடங்குகிறான் என்று இருந்தது.

கடையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள்.

எண்பத்துமூன்று நாளும் அவள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என்னை அல்ல. கூப்பிட வேண்டியவரை. நான் பேச்சை நிறுத்திய அதே பள்ளத்தாக்கில் அவள் அவரோடு பேசினாள். ஒரு சொல் கேட்டேன்; ஆண்டவர் ஆறு வசனம் தந்தார். அதை வாங்கிக்கொள்ளவே எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

விளக்கவுரை வேதாகமம் வாங்கப் போகிறவர்களே, அவசியம் வாங்குங்கள். குறிப்புகளும் தேவன் தந்த உதவிதான். ஆனால் குறிப்பை எண்ணுவதற்கு முன், உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பகுதியைத் திறந்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடச் சொல்ல ஒரு குரல் இருக்கும்போதே இருவராகப் படியுங்கள். ஜெபம் வீண் என்று நிறுத்தியவர் யாராவது இதைப் படித்தால், நானும் இருபத்தேழு நாள் நிறுத்தியவன்தான். அவர் என்னை விடவில்லை, உங்களையும் விடமாட்டார்.

வீடு வெறுமையாகத்தான் இருக்கிறது. காலையில் தனியாகப் படிக்கிறேன். அட்டவணை போடுவதில்லை. மூன்று வசனம் வரை பழக்கத்தில் எண்ணிக்கொண்டு வருகிறேன். நான்காவது வந்ததும் எண்ணிக்கை விட்டுப்போகிறது. பேசத் தொடங்குகிறேன்.