விரிசலில் குடியிருந்த சிலந்திக்காக

புல் நுனியால் தொட்டால் அந்த வலை பழைய பஞ்சுபோல மெத்தென்று ஒட்டிக்கொண்டு இழுபடும். திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர்ப் பால்வாடியில் அம்மா ஆயாவாக இருந்தாள். கரிசல் மண் கோடையில் பிளக்கும்போது கட்டடத்தையும் சேர்த்துப் பிளந்ததில் சுவரெல்லாம் விரிசல், விரிசலுக்கொன்றாகப் "பொந்துச் சிலந்தி". விரிசலின் வாயைச் சுற்றி நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் இழைகள் நாலாபக்கமும் விரிந்திருந்தால் அது அதன் வீடு. இழையை அசைத்தால், பழுப்பு வெல்வெட் உடம்பும் நீண்ட முன்கால்களும் ஒரே கரும்பொட்டாக நெருக்கியடித்த கண்களுமாக எட்டிப் பார்த்துவிட்டு, இரையில்லை என்று தெரிந்ததும் உள்ளே போய்விடும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஐப்பசி மழை பிடித்த வாரத்தில், நான்கு குழந்தைகளுக்குக் கழுத்திலும் கன்னத்திலும் தீப்பட்டதுபோல் கொப்புளம் கண்டது. பக்கத்துத் தெரு பஞ்சவர்ணம் அத்தை, கொப்புளம் கண்ட தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று கத்தினார்: "ஒட்டடை அடிக்காம வச்சிருக்கா, எட்டுக்கால் பூச்சி பிள்ளைக மேல மோண்டு வச்சிருச்சு! இவள வேலைய விட்டு எடுக்குற வரைக்கும் ஒரு பிள்ளையும் வராது."

மறுநாள் ஒரு குழந்தைகூட வரவில்லை. அம்மா பருத்திக்கு அடிக்கும் மருந்தை இரவல் வாங்கி வந்தாள். "அடிச்சுட்டா வாய மூடிருவாக" என்றாள். செய்யாத தப்பை அவள் ஒப்புக்கொள்வதுபோல் இருந்தது, எனக்குப் பொறுக்கவில்லை.

ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும். இரவெல்லாம் எரியும் டியூப்லைட்டுக்கு வந்து, கீழே குழந்தைகளுக்காக விரித்துக் கிடக்கும் பாய்களில் விழும், எறும்புபோல் சிவப்பும் கருப்புமான ஒரு பூச்சி. முந்தின வருடம் அதை என் கழுத்தில் நசுக்கிவிட்டு இதே கொப்புளத்தில் நான் அவதிப்பட்டிருக்கிறேன். சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை அத்தையும் மற்ற தாய்மாரும் நியாயம் கேட்டுப் பால்வாடி வாசலில் கூடியிருந்தபோது, சிலந்தியைக் குச்சியால் வெளியே தள்ளி இடக்கையில் ஏறவிட்டேன். பாயை உதறிப் பிடித்து வைத்திருந்த பூச்சியை வலக்கையில் வைத்துத் தேய்த்தேன். அம்மா ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

இரண்டாம் நாள் வலக்கையில் தேய்த்த கோட்டிலேயே கொப்புளம் வரிசைகட்டியது; இடக்கையில் ஒன்றுமில்லை. நேரே அத்தை வீட்டுக்குப் போய் இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"பிள்ளையா இது" என்றாரே தவிர, மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை மகளைக் கொண்டுவந்து விட்டார். மருந்தை அடிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, பாய்களை வெயிலில் உதறிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "இனி எம் வேலையில குத்தமிருந்தா ஏங்கிட்ட கேளுங்க மதினி, தெருவுல கத்தாதீக" என்றாள். அம்மா அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. புதியது டைல்ஸ் பதித்து, ஊசி நுழைய இடமில்லாமல் நிற்கிறது. பொந்துச் சிலந்திகள் எங்கே போயினவோ. பழி மட்டும் போகவில்லை. அருப்புக்கோட்டை பஸ்ஸில் யாராவது குழந்தையின் கழுத்தைக் காட்டி, "எட்டுக்கால் பூச்சி" என்று ஆரம்பித்தால், நான் இறங்க வேண்டிய இடம் தாண்டினாலும் சரி, சொல்லி முடித்த பிறகுதான் இறங்குகிறேன்.