இந்தியாவுக்குக் கை தட்டாதவன்

ஊரின் பெயரை எழுதினால் சண்டைக்கு வருவார்கள். இலங்கையின் வடக்கே, குருநகர்க் கோயில் மணி கேட்கிற தூரத்தில் ஒரு கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் மரியநாயகி மீன் விற்றுப் பிழைக்கிறாள். பிறந்ததும் அங்கேதான். தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக்குப் பயந்து தகப்பன் அவளைப் படகேற்றி இராமேஸ்வரம் கொண்டுபோனபோது சின்னப் பெட்டை. அகதி முகாமில் வளர்ந்தாள், பாம்பன்காரன் ஒருவனைக் கட்டினாள், அவனைக் கடலுக்குப் பறிகொடுத்தாள். பிறகு வளர்ந்த மகனையும் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்கே திரும்பி வந்தாள். மகன் பெயர் டினேஸ். ஊர் அவனுக்கு வைத்த பெயர் 'இந்தியா'.

"இந்தியா, அந்த ஐஸ்பெட்டியைத் தூக்கு." "இந்தியா, கொஞ்சம் தள்ளி நில்." இப்படித்தான் கூப்பிடுவார்கள். முகாமில் இருந்த காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவனைச் 'சிலோன்காரன்' என்றார்கள். கொழும்பு அவனுக்கு அடையாள அட்டை கொடுத்து, நீ இலங்கையன்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. கொழும்பைக்கூடச் சம்மதிக்க வைக்கலாம். தாய் பிறந்த தெருவைச் சம்மதிக்க வைக்க யாரால் முடியும்?

கிரிக்கெட் வந்தால் இன்னும் மோசம். றஜிந்தனின் தேத்தண்ணிக் கடையில் பெரிய டிவி இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் விளையாடினால் பெடியள் பாதிப்பேர் இந்தியாவுக்குத்தான் விசில் அடிப்பார்கள். அவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவர்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள், யாருக்கும் விசில் அடிக்கலாம். டினேஸ் இந்தியாவுக்குக் கை தட்டினால், "பாத்தியா, ரத்தம் பேசுது" என்பார்கள். இலங்கைக்குத் தட்டினால், "உவன் நடிக்கிறான்" என்பார்கள். அவன் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருக்கப் பழகினான். கடைசியில் கடைக்குப் போவதையே விட்டுவிட்டான்.

அவனை வதைத்தது கேலி மட்டும் அல்ல. கடற்றொழில் சங்கத்தில் பெயர் இல்லாதவன் அந்தக் கரையிலிருந்து தொழிலுக்குப் போக முடியாது. சங்கத்தில் பெயர் தகப்பன் வழியில்தான் வரும். தாய் எந்தக் கரையில் பிறந்தாலும் அது கணக்கில் இல்லை. அதனால் கடலைத் தவிர வேறொன்றும் தெரியாத பெடியன் ஒவ்வொரு காலையும் சைக்கிளை மிதித்து உரும்பிராய்த் தோட்டங்களுக்கு வெங்காயம் கிண்டப் போனான். வாசலில் கடல் இருக்க, கை நிறையச் செம்மண்ணோடு வந்து நிற்கும் மகனைப் பார்க்க மரியநாயகிக்கு வயிறு எரியும்.

அவனுக்கு இருந்த ஒரேயொரு அதிர்ஷ்டம், ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் கோல்கீப்பர் விரலை முறித்துக்கொண்டது. ஆளில்லாமல்தான் டினேசை இறக்கினார்கள். முகாம் மைதானத்தில் வெறுங்காலோடு பந்து பிடித்துப் பழகியவன், இறங்கிய நாளிலிருந்து ஒரு பந்தையும் சும்மா விடவில்லை. கழகத்துக்கும் சங்கத்துக்கும் தலைவர் ஒருவரே, படகு முதலாளி அடைக்கலநாதன் சம்மாட்டியார். அவர் கோயில் வாசலில் வைத்து மரியநாயகிக்குச் சொன்னார்:

"பெருநாள் கோப்பையை உன்ரை பெடியன் எடுத்துத் தரட்டும். அடுத்த கூட்டத்திலை அவன்ரை பேரைப் போடுறம். தகப்பன் வழி, தாய் வழி எண்டு ஒருத்தரும் வாய் திறக்காமல் நான் பாக்கிறன்."

அன்றிலிருந்து அவள் மன்றாடி மன்றாடிப் புனித அந்தோனியாரை நிம்மதியாக இருக்க விடவில்லை.

இறுதி ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனது. மரியநாயகி பார்க்கவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். காதால்தான் கேட்டாள். முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு மைதானமே வெடித்த மாதிரி ஒரு சத்தம், அதற்குள்ளிருந்து "டினேஸ்! டினேஸ்!" என்ற கூச்சல். அவனைத் தோளில் தூக்கிக் கோயிலைச் சுற்றினார்கள். அடைக்கலநாதன் ஒலிபெருக்கியில், "எங்கடை மண்ணின்ரை பிள்ளை" என்றார். மரியநாயகி வெட்கத்தை விட்டு அழுதாள். இனி அவன் கடலுக்குப் போவான் என்று நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பெற்றவள்.

சங்கம் கூடுவதற்கு முன்தினம் விடியற்காலை, கரைக்கு வந்த படகுகளில் வலை இல்லை. அறுந்த கயிறும் சில மிதவைகளுமே மிச்சம். இந்திய இழுவைப் படகுகளான றோலர்கள் கூட்டமாக வந்து வாரிக்கொண்டு போயிருந்தன. அடைக்கலநாதனின் வலையும் போனது. பெண்கள் கரையிலிருந்து ஒப்பாரி வைத்தார்கள். டினேஸ் அறுந்த கயிறுகளை இழுத்துச் சுருட்டப் போனான். ஒருவன் அவன் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினான்.

மறுநாள் கூட்டம் தொடங்குமுன் மரியநாயகி மண்டப வாசலில் போய் நின்றாள்.

"அண்ணை, என்ரை பெடியன்ரை பேர்..."

"இண்டைக்கு உந்தக் கதை வேண்டாம், மரியநாயகி."

"நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"சொன்னனான், இல்லையெண்டேல்லை. ஆனால் உள்ளுக்கை இருக்கிறதெல்லாம் வலையைப் பறிகுடுத்த சனம். அதுகளுக்கு முன்னாலை அந்தப் பேரை நான் எப்பிடி வாசிக்கிறது? றோலரிலை வாறவங்கள் ஆர்? அவன்ரை தேப்பன்ரை ஆக்கள்தானே."

"தேப்பன் செத்துப்போனான், அண்ணை. செத்தவனோ வந்து வலை அறுத்தவன்? நான் இந்தக் கரையிலை பிறந்தனான். என்ரை அப்பரோடை நீங்களும் தொழிலுக்குப் போனனீங்கள்."

அடைக்கலநாதன் பொல்லாத மனிதர் அல்ல. அவர் நிலத்தைப் பார்த்தார். "அடுத்த வரியம் பாப்பம், பிள்ளை" என்றார். அவள் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஞாயிற்றுக்கிழமை மன்னார்க்காரரோடை மட்ச் இருக்கு. பெடியனை நேரத்துக்கு வரச் சொல்லு."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கோல் காக்க மட்டும் மண்ணின் பிள்ளை. மீன் பிடிக்க வந்தால் றோலர்க்காரன். வீட்டுக்கு வந்ததும் மகனின் கையுறைகளை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. முகாமுக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை. போனால் கள்ளத்தோணி என்று பிடித்து அடைப்பார்கள். இங்கே கடல் இல்லை, அங்கே கரை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டினேஸ் காற்சட்டை மாட்டிக்கொண்டு வீடெல்லாம் கையுறை தேடினான். அவள் அடுப்படியில் கால் நீட்டி இருந்தாள்.

"தேடாதை. நான்தான் ஒளிச்சு வைச்சனான்."

"வண்டி வந்துரும்மா. எங்க இருக்கு?"

"உனக்கு ரோசம் இல்லையோ? கயித்தைத் தொட விடாதவங்களுக்குப் பந்து பிடிக்கப் போறியோ? உன்னை ஏமாத்திறாங்களடா."

"தெரியும்மா."

"தெரிஞ்சும் போறியோ?"

அவன் அவளுக்கு முன்னால் குந்தினான். பாம்பன் தகப்பனின் பேச்சு அவன் வாயை விட்டுப் போகவே இல்லை. "அந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நிக்கிறப்ப மட்டும்தான்மா எல்லாரும் என்னை டினேஸ்னு கூப்பிடுறாங்க. அதுவும் வேணாம்னா நான் எங்கம்மா போவேன்?"

மரியநாயகி எழுந்தாள். பானைக்குள் கையை விட்டு, கையுறைகளை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டினாள். சின்னப் பிள்ளைக்கு மாட்டுவது போல் அவன் கைகளில் அவளே மாட்டிவிட்டாள்.

வெளியே வான் வந்து ஹோர்ன் அடித்தது. ஜன்னலால் ஒருவன் தலையை நீட்டினான்.

"இந்தியா, கெதியா வந்து ஏறு. நேரம் போகுது."

டினேஸ் ஓடிப்போய் ஏறினான்.