சனிக்கிழமை மாத்திரை

இல்லை, அம்மாவின் கால் வலி வேலையால் வந்த வலி இல்லை. கொலஸ்ட்ரோல் மாத்திரை தொடங்கிய பிறகு வந்த வலி.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகுதான் அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். இப்போது இரண்டு தொடையும் கடுக்கிறது.

இன்று பசறையில் ஒரு மருந்துக்கடைக்காரரிடம் சொன்னோம். அவர் ஒரு பவுடர் டின்னை எடுத்து வைத்தார். டின்னின் மேல் சட்டை இல்லாத ஒரு பயில்வான் படம்.

"தசைய இது பாதுகாக்கும், மிஸ்."

"மாத்திரையால தசைக்குப் பாதிப்பான்னு ரத்தம் பார்க்க வேணாமா?" என்று கேட்டேன்.

"தோட்டத்து ஆளுங்களுக்குக் கால் வலி பொறந்ததுல இருந்தே இருக்குதானே" என்று சிரித்தார். என்ன மாத்திரை, எப்படிப் போடுகிறார் என்று ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை.

அம்மா டின்னைத் திருப்பிப் பார்த்தார். "இவரு முதுகுல கூடையக் கட்டி நம்ம மலைக்கு அனுப்புங்க. பவுடர் எவ்வளவு தாங்குதுன்னு பாப்போம்."

வெளியே வந்ததும் மெல்லச் சொன்னார்: "நான் சனிக்கிழமை ராத்திரி மட்டுந்தான் போடுறேன், புள்ள. ஞாயித்துக்கிழமை மலை ஏற வேணாமே."

தினமும் போட வேண்டிய மாத்திரை. தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடுபவர், கங்காணி, இந்தக் கடைக்காரர் மாதிரி ஆட்கள், எல்லாரும் சேர்ந்து அவரை நம்ப வைத்திருக்கிறார்கள், வலியைச் சொல்வது சோம்பேறித்தனம் என்று. நானும் இத்தனை நாள் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படித் தாங்களாகவே அளவு குறைக்கிறார்களா? கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகப் பதுளை பஸ் ஏறினோம். டொக்டரிடம் சனிக்கிழமைக் கதையையும் சேர்த்துச் சொன்னோம். அம்மா பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்.