பாட்டு மட்டும் மிஞ்சியவர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டுக்கு பிசியோதெரபி செய்யப் போய்வந்தேன். நோயாளி, பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்தவர். உயரமான மனிதர், மனைவி தினமும் மழித்துவிடும் முகம். பேச்சும் போய்விட்டது. தண்ணீர் கேட்க முயன்றால் "அது... அது..." என்பதோடு நின்றுவிடும்.

ஆனால் பயிற்சி முடிந்ததும் இடக்கையால் வலக்கையைத் தூக்கி, இரண்டையும் கோத்துக்கொண்டு ஒரு மாதா பாட்டைப் பாடுவார். மூன்று சரணமும், ஒரு சொல் பிசகாமல்.

"என்ட பேர் வருதில்ல பிள்ளை. பாட்டு மட்டும் முழுசா வருது," என்றார் மனைவி.

ஆறுதலாக இருக்குமென்று நினைத்து, "பாட்டு மூளையில வேற பக்கத்தில இருக்கு அன்ரி. இப்பிடி வந்த கனபேருக்கு பழகின பாட்டு அழியாமத் தப்பிடும். உங்களை அவர் மறக்கேல்ல, சொல்லத்தான் ஏலாம இருக்கு," என்றேன்.

மனைவியின் முகம் மாறியது. "அப்ப இவர் கும்பிடேல்லையா? மூளைதான் பாடுதா?"

பதற்றத்தில் நான் கணவரிடமே திரும்பி, "அங்கிள், நீங்க கும்பிடுறீங்கதானே?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அதை ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். கண்கள் மட்டும் நிறைந்துவிட்டன.

மனைவி கட்டிலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"சரி, அவர் பாடட்டும். கும்பிடுறதை ரெண்டு பேருக்குமா நான் பாத்துக்கொள்ளுறன்."

இருவரும் சேர்ந்து பாடினார்கள். அவர் பாடியது செபம்தானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிருக்கவே கூடாது என்று மட்டும் சில நாட்களில் தோன்றுகிறது.